ஜி.பி.எஸ். இருந்தும் லோரி ஏன் தவறான வழியில் நுழைகிறது?

2025 மே 13 அன்று மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் வட்டாரத்தில், சிக்குஸ் - சுங்கை லம்பாம் சாலையில், கல் ஏற்றிவந்த லோரி ஒன்று கலகத் தடுப்புப் போலீசார் சென்ற வாகனத்துடன் மோதியது. 9 போலீசார் உயிரிழந்தார்கள். ஒரு மாதம் ஆவதற்குள், ஜூன் 9 அன்று, கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் நடந்த பேருந்து விபத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டார்கள். அதன் பிறகு கனரக வாகனங்களில் ஜி.பி.எஸ்., வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்ற பேச்சு ஓயவில்லை. வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கான விதி 2025 அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாக நடப்புக்கு வந்தது.

இந்தப் பேச்சோடு ஒரு குழப்பமும் சேர்ந்து வந்திருக்கிறது. லோரியில் ஜி.பி.எஸ். கட்டாயம் என்றால், இனி கனரக லோரிகள் தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் வந்து சிக்காது என்று பலர் நம்புகிறார்கள். பழைய ஓட்டுநர்களோ, பேப்பர் மேப் பார்த்து ஓட்டிய காலமே மேல் என்கிறார்கள். இரண்டு கருத்துகளிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. செயற்கைக்கோளும் காகிதமும் லோரிக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அடியிலிருந்து பார்த்தால் இது தெளிவாகும்.

ஒரே பெயர், இரண்டு கருவிகள்

செய்தியில் வரும் ஜி.பி.எஸ். ஒன்று, ஓட்டுநரின் கண்ணாடிக்கு முன்னால் ஒட்டியிருக்கும் ஜி.பி.எஸ். வேறொன்று.

1. கண்காணிப்புக் கருவி. லோரிக்குள் பொருத்தப்பட்டிருக்கும். லோரி எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது, எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடியிருக்கிறது என்பதை நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அனுப்பும். ஓட்டுநருக்கு இது வழி சொல்வதில்லை.

2. வழிகாட்டிச் செயலி. வேஸ், கூகுள் மேப்ஸ் போன்றவை. ஓட்டுநருக்கு வழி சொல்லும்.

சட்டம் அக்கறைப்படுவது முதலாவதைப் பற்றி. அதிவேகத்தையும் ஓய்வில்லாத ஓட்டத்தையும் கண்டுபிடிக்க அது உதவும், அதுவும் அலுவலகத்தில் யாராவது அந்தத் திரையைத் தினமும் பார்த்தால். லோரி எந்தச் சாலையில் நுழைய வேண்டும் என்பது இரண்டாவதின் வேலை. இந்தக் கட்டுரை இனி அதைப் பற்றியது.

செயற்கைக்கோள் என்ன சொல்கிறது

ஜி.பி.எஸ். அமெரிக்க அரசு நடத்தும் அமைப்பு. பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் 30-க்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் சுற்றிவருகின்றன. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. இப்போதைய கைப்பேசிகளில் பெரும்பாலானவை எல்லாவற்றையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன.

ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் ஓர் அணுக்கடிகாரம் இருக்கிறது. அது தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கைப்பேசி தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளியின் வேகத்தில் வரும் சமிக்ஞை என்பதால், ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்து அதில் ஒரு பங்கு பிசகினாலும் 30 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். மூன்று செயற்கைக்கோள்களிலிருந்து தூரம் தெரிந்தால் இடம் தெரியும். கைப்பேசியின் கடிகாரம் அவ்வளவு துல்லியமானதல்ல என்பதால், அந்தப் பிசகைத் திருத்த நான்காவது ஒன்றும் தேவை.

திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். வளர்ந்த செம்பனை மரங்களின் மட்டைகளுக்கு அடியில் சமிக்ஞை மங்கும், துல்லியம் குறையும். ஆனாலும் லோரி ஓட்டுவதற்கு அது போதும்.

இங்கே கவனிக்க வேண்டியது, கைப்பேசி செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை. வெறுமனே கேட்கிறது. அதனால் இடத்தைக் கண்டுபிடிக்க இணையம் தேவையில்லை. தோட்டத்துக்குள் 'லைன் இல்லை' என்றாலும் நீலப் புள்ளி நகர்ந்துகொண்டுதான் இருக்கும். அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய வரைபடம்தான் வராமல் போகும். முன்கூட்டியே வரைபடத்தைப் பதிவிறக்கி வைத்தால் அந்தச் சிக்கலும் இல்லை.

ஆக, செயற்கைக்கோள் ஓட்டுநருக்குத் தருவது ஒரே ஒரு தகவல்: நீ இங்கே இருக்கிறாய். அதை அது நன்றாகவே செய்கிறது. லோரி வாய்க்காலில் இறங்கும்போது செயற்கைக்கோளைக் குறை சொல்வதில் பயனில்லை.

வழியைத் தேர்ந்தெடுப்பது யார்

வழியைத் தேர்ந்தெடுப்பது செயலி. அதற்குச் சாலை என்பது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான். ஒவ்வொரு கோட்டையும் கடக்க எத்தனை வினாடி ஆகும் என்று ஒரு மதிப்பு வைத்திருக்கும். மொத்த வினாடிகள் எந்த வழியில் குறைவோ அந்த வழியைக் காட்டும். யாருக்கு எத்தனை வினாடி? காருக்கு.

வேஸ், கூகுள் மேப்ஸ் இரண்டிலும் வாகன வகையைக் கேட்கும் இடத்தில் கார், மோட்டார் சைக்கிள் என்ற தேர்வுகளைக் காணலாம். உன் வாகனம் எத்தனை மீட்டர் உயரம், எத்தனை டன், எத்தனை சக்கர அச்சு என்று அவை கேட்பதில்லை. கேட்காததைக் கணக்கில் சேர்க்கவும் முடியாது. லோரிக்கு முக்கியமானவை அந்தக் கேள்விகளில்தான் இருக்கின்றன.

1. எடை. மலேசியாவில் லோரியின் பக்கவாட்டில் BDM, BTM என்று இரண்டு எடைகள் பெயின்டால் எழுதியிருக்கும். முதலாவது சரக்கோடு சேர்ந்த எடை, இரண்டாவது வெற்று எடை. கார் ஒன்றரை டன் இருக்கும். இரண்டு அச்சு லோரி சரக்கோடு 16 டன்னைத் தொடும், டிரெய்லர் 40 டன்னையும் தாண்டும். பாலத்துக்கு மொத்த எடை மட்டும் முக்கியமில்லை, ஓர் அச்சின் மேல் எவ்வளவு இறங்குகிறது என்பதும் முக்கியம். லோரியின் சுமையில் பெரும்பங்கு பின் அச்சுகளில்தான் இறங்கும்.

2. உயரம். சாதாரணக் கொள்கலனின் உயரம் 2.59 மீட்டர். 'ஹை கியூப்' எனப்படும் உயரக் கொள்கலன் 2.9 மீட்டர். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதலாவது 4.1 மீட்டர் ஆகும், இரண்டாவது 4.4 ஆகும். அதே டிரெய்லர், அதே ஓட்டுநர், அதே சாலை. நேற்று நுழைந்த இடத்தில் இன்று நுழைய முடியாமல் போகலாம். பிரிட்டனில் இரயில் பாலங்களில் வாகனங்கள் இடிக்கும் சம்பவங்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல். தன் வண்டியின் உயரம் தெரியாத ஓட்டுநர்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

3. திரும்பும் இடம். நீண்ட டிரெய்லர் முச்சந்தியில் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் போவதில்லை, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். செம்பனைத் தோட்டத்து முனைகளில் உள்பக்கம் என்றாலே வாய்க்கால்.

4. சரிவு. மேட்டில் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகிப் பிடிப்பை இழக்கும். கேமரன் மலைக்குத் தாப்பா வழியாக ஏறும் 59-ஆம் எண் சாலை குறுகலானது, வளைவுகள் நிறைந்தது. சிம்பாங் பூலாய் வழி அகலமானது. கார் செயலிக்கு இந்த வேறுபாடு சில நிமிடங்கள். லோரிக்கு அது உயிர்.

5. நேரமும் தடையும். பெருநாட்களுக்கு முன்னும் பின்னும் சில நாட்களுக்குக் கனரக சரக்கு வாகனங்களுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகா தடை விதிக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் சில விரைவுச்சாலைகளில் காலை, மாலை நெரிசல் நேரத்திலும் தடை உண்டு. காருக்கான செயலி இவற்றை லோரி ஓட்டுநருக்கு நினைவுபடுத்தாது.

போய்ச்சேரும் நேரத்திலும் இதே குறைதான். 150 கிலோமீட்டர் தூரத்தைக் கார் சராசரி 75 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மணி நேரத்தில் கடக்கும். சுமையேற்றிய லோரி 55-இல் போனால் 2 மணி 44 நிமிடம் ஆகும். இந்த முக்கால் மணி நேரத்தை முதலாளி செயலியைப் பார்த்துக் கணக்கிலிருந்து அடித்துவிட்டால், அதை ஈடுகட்ட ஓட்டுநருக்கு ஆக்ஸிலரேட்டர்தான் மிச்சம். செம்பனைக் குலைகளை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். இந்த அவசரத்தோடு செயலியின் தவறான கணக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நிறுவனங்கள் கார் நேரத்தை வைத்து லோரி அட்டவணை போடுவதை நிறுத்த வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தோட்டப் பாதையில் நடப்பது

தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பகுதி தாழ்வான கடலோர நிலம். களிமண்ணும் கரிமண்ணும் கலந்த மென்மையான தரை. 1885-இல் கட்டிய மணிக்கூண்டு சாய்ந்து நிற்பதே இந்த மண்ணால்தான். அப்படிப்பட்ட மண்ணில் செம்பனை வளர நீரை வடிக்க வேண்டும். அதனால் பாதைக்குப் பாதை வாய்க்கால், வாய்க்காலுக்கு வாய்க்கால் சிறு பாலம். இந்தப் பாலங்களில் பல, டிராக்டரும் குலை வண்டியும் போவதற்காகத் தோட்டமே போட்டவை. நெடுஞ்சாலைப் பாலத்தைப் போல எடை வரம்புப் பலகை எல்லாவற்றிலும் இருக்காது.

இங்கே அடிக்கடி நடக்கக்கூடிய ஒன்றைப் பார்ப்போம். கிள்ளான் துறைமுகத்திலிருந்து உர மூட்டைகளோடு ஒரு லோரி வருகிறது. போக வேண்டிய இடம் ஒரு தோட்டத்தின் இரண்டாம் டிவிஷன் (பிரிவு) ஸ்டோர். செயலியில் தோட்டத்தின் பெயரை ஓட்டுநர் போடுகிறார். பெரிய சாலையில் இருக்கும் பிரதான கேட் வழியாகப் போனால் தூரம் கொஞ்சம் கூடுதல். பின்பக்கக் கம்பத்துப் பாதை வழியாக மூன்று கிலோமீட்டர் மிச்சம். செயலி பின்பக்கத்தைக் காட்டுகிறது.

முதல் சில நூறு மீட்டர் தார்ச்சாலை. பிறகு செம்மண். இரண்டு பக்கமும் மட்டைகள் தார்ப்பாயில் உரசும் சத்தம். நடுப்பாதையில் எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால் அதுதான் ஒதுங்க வேண்டும், லோரிக்கு ஒதுங்க இடமில்லை. அப்புறம் ஒரு வளைவில் திரும்பியதும் முன்னால் சிறு பாலம், அதற்கு அப்பால் சங்கிலி போட்ட கேட். குலைத் திருட்டுக்குப் பயந்து பல தோட்டங்கள் பின்வழிகளை அடைத்தே வைத்திருக்கின்றன, சில இடங்களில் குறுக்கே பள்ளமும் தோண்டியிருக்கும். கேட்டில் ஜாகா (காவலாளி) இல்லை. செயலி இன்னும் நேராகப் போகச் சொல்கிறது. ஓட்டுநர் நின்றுவிட்டால், கொஞ்ச நேரத்தில் 'யூ டர்ன்' போடச் சொல்கிறது. அந்த இடத்தில் காரே திரும்பாது.

மீதி இருக்கும் ஒரே வழி பின்னால் போவது. பக்கக் கண்ணாடியில் தெரிவது மட்டைகள் மட்டும். கெலிண்டான் (லோரி உதவியாளர்) இருந்தால் இறங்கிப் பின்னால் நடந்து கை காட்டுவார். இப்போதெல்லாம் பல லோரிகளில் கெலிண்டான் இல்லை, ஓட்டுநர் தனி ஆள். மழை பெய்து ஓரம் ஊறியிருந்தால், பின்சக்கரம் ஓரத்தை மிதித்த கணமே மண் சரியும். கிரேன் வந்து தூக்கும்வரை அந்தப் பாதையில் குலை வண்டியும் போகாது, பள்ளி வேனும் போகாது.

இதில் செயலி எங்கே தவறியது? அதன் வரைபடத்தில் அந்தப் பாதை ஒரு கோடு. வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து யாரோ வரைந்திருக்கலாம். அந்தப் படத்தில் பாதை இருப்பது தெரியும். எவ்வளவு அகலம், பாலம் எத்தனை டன் தாங்கும், கேட் எத்தனை மணிக்குப் பூட்டப்படும், அது பொதுச்சாலையா தனியார் பாதையா என்பதெல்லாம் தெரியாது. யாராவது நேரில் போய்ப் பார்த்துப் பதிந்தால்தான் உண்டு. நகரத்தில் ஆயிரம் பேர் பதிவார்கள். இரண்டாம் டிவிஷனுக்குப் போகும் பாதையை யார் பதிவார்?

காகிதம் எதைத் தரும்

காகித வரைபடத்தின் முதல் நன்மை அதன் பரப்பு. கைப்பேசித் திரையில் அடுத்த திருப்பம் தெரியும். விரித்த காகிதத்தில் புறப்படும் இடம், சேரும் இடம், நடுவில் இருக்கும் ஆறுகள், எந்தெந்த இடத்தில் மட்டும் ஆற்றைக் கடக்க முடியும் என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். பேராக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் பாலங்கள் குறைவு. ஒரு பாலத்தைத் தவறவிட்டால் எவ்வளவு சுற்ற வேண்டும் என்பது காகிதத்தில் உடனே புரியும்.

இரண்டாவது, சாலையின் தரம். கூட்டரசுச் சாலைக்கு எண் மட்டும் இருக்கும்: ஜொகூரிலிருந்து மேற்குக் கரையோரமாக வந்து தெலுக் இந்தானைத் தொட்டு ஈப்போ பக்கம் போகும் 5, பீடோரிலிருந்து வரும் 58. மாநிலச் சாலைக்கு எண்ணுக்கு முன்னால் எழுத்து இருக்கும்: பேராக்கிற்கு ஏ, சிலாங்கூருக்கு பி. விரைவுச்சாலைக்கு இ. காகிதம் இவற்றைத் தடிப்பிலும் நிறத்திலும் பிரித்துக் காட்டும். நான் சொல்லும் ஒரு எளிய விதி: சுமையேற்றிய லோரி, கடைசிக் கட்டம் வரும்வரை எண்ணுள்ள சாலையை விட்டு இறங்கக் கூடாது. செயலி காட்டும் குறுக்கு வழிக்கு எண் இல்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

மூன்றாவது, சரிவு. நில அளவைத் துறையான ஜூப்பெம் வெளியிடும் 1:50,000 வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் எத்தனை மீட்டருக்கு ஒன்று என்பது ஓரத்தில் அச்சிட்டிருக்கும். 20 மீட்டருக்கு ஒன்று என்றால், சாலை 2 சென்டிமீட்டருக்குள் அந்தக் கோடுகளில் ஐந்து இடைவெளிகளைக் கடந்தால் ஒரு கிலோமீட்டரில் 100 மீட்டர் ஏற்றம். அதாவது நூற்றுக்குப் பத்து. சுமையோடு இறங்கும் லோரிக்கு அது சிரமமான சரிவு. தெலுக் இந்தான் சமவெளிக்கு இது தேவைப்படாது, தாப்பாவைத் தாண்டிக் கிழக்கே போகிறவர்களுக்குத் தேவைப்படும்.

காகிதத்தின் குறைகளும் சிறியவை அல்ல.

அது அச்சான நாளோடு நின்றுவிடும். பந்திங்கிலிருந்து தைப்பிங்வரை திட்டமிடப்பட்டு, 2019 முதல் பேராக்கில் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டுவரும் மேற்குக் கரை விரைவுச்சாலை பழைய வரைபடத்தில் இருக்காது. இன்னும் பழையதில் தெலுக் இந்தானே இருக்காது, தெலுக் அன்சன்தான் இருக்கும், 1982-இல்தான் பெயர் மாறியது. வெள்ளத்தால் மூடிய சாலையும் காகிதத்தில் தெரியாது. பெட்ரோல் நிலையத்தில் விற்ற மடிப்பு வரைபடங்கள் சுற்றுலாக் காருக்கானவை, அவற்றில் தோட்டப் பாதை ஒன்றுமே இருக்காது. அமெரிக்காவில் தாழ்ந்த பாலங்களையும் எடை வரம்புள்ள சாலைகளையும் பட்டியலிட்டு லோரிக்காரர்களுக்கென்றே வரைபடப் புத்தகம் அச்சிடுகிறார்கள். அப்படிப்பட்ட காகிதத்தோடு நம் மடிப்பு வரைபடத்தை ஒப்பிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேல், தனியாக ஓட்டுகிறவர் ஓடும் வண்டியில் காகிதம் பார்க்க முடியாது. கைப்பேசியைக் கையில் பிடித்துப் பார்ப்பது சட்டப்படி குற்றம். ஸ்டீயரிங் மேல் வரைபடத்தை விரிப்பது அதைவிட ஆபத்து. காகிதம் புறப்படுவதற்கு முன் பார்க்க வேண்டிய பொருள்.

தோட்ட ஆபீஸ் சுவரில் தொங்கும் வரைபடம்

காகிதமா கருவியா என்ற விவாதத்தில் யாரும் பேசாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. கிட்டத்தட்ட ஒவ்வொரு தோட்ட ஆபீசிலும் சுவரில் ஒரு வரைபடம் இருக்கும். பீல்டு நம்பர், நடவு செய்த ஆண்டு, ஏக்கர் அல்லது ஹெக்டர், டிவிஷன் எல்லை, உள்பாதைகள், வாய்க்கால்கள், பாலங்கள், ஸ்டோர், ஆலை எல்லாம் அதில் உண்டு. அதே பீல்டு நம்பர்தான் பாதையோரக் கட்டையிலும் பலகையிலும் எழுதியிருக்கும். லோரி ஓட்டுநருக்கு வேண்டிய வரைபடம் அதுதான்.

அது ஓட்டுநர் கைக்கு வருவதில்லை. டெலிவரி ஆர்டரில் தோட்டத்தின் பெயரும் தபால் முகவரியும் மட்டும் இருக்கும். பெயரோ மாறிக்கொண்டே போகும். கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி ஆகிய மூன்றின் தோட்டங்களும் 2007-இல் ஒன்றாயின. அவற்றை நடத்திய சைம் டார்பி பிளான்டேஷன் நிறுவனம் 2024-இல் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பலகையில் ஒரு பெயர், செயலியில் பழைய பெயர், அந்த ஊர்த் தமிழர்கள் வாயில் வேறொரு பெயர். கடைக்காரரிடம் வழி கேட்டால் அந்த மூன்றாவது பெயரைச் சொன்னால்தான் அவருக்கே புரியும்.

பெயருக்குப் பதிலாக ஆயத்தொலைவு எண்களை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்தால் இந்தக் குழப்பம் தீரும். தெலுக் இந்தான் ஏறத்தாழ வடக்கு 4.02, கிழக்கு 101.02 பாகையில் இருக்கிறது. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான் இடத்தைச் சொல்லும். மூன்று இலக்கம் நூறு மீட்டர். ஐந்து இலக்கம் ஒரு மீட்டர், அதாவது எந்தக் கேட் என்பதையே சொல்லிவிடும். ஸ்டோருக்கு முன்னால் நின்று கைப்பேசியில் விரலை அழுத்திப் பிடித்தால் அந்த எண்கள் வந்துவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கை. பழைய வரைபடத்தின் ஓரத்திலிருந்து எண்களை எடுத்துச் செயலியில் போடாதீர்கள். தீபகற்பத்தின் பழைய வரைபடங்கள் 'கெர்தாவ் 1948' என்ற அளவை அடிப்படையில் வரையப்பட்டவை. ஜி.பி.எஸ். பயன்படுத்தும் அடிப்படை வேறு. மாற்றாமல் அப்படியே போட்டால் புள்ளி 100 மீட்டருக்கும் மேல் தள்ளி விழும். தோட்டத்தில் அது அடுத்த வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.

லோரிக்கென்று உள்ள செயலிகள்

லோரிக்கான வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. சைஜிக் டிரக், கார்மின் டெஸல் போன்றவற்றில் உயரம், எடை, நீளம், அச்சு எண்ணிக்கையை முதலில் பதிய வேண்டும். பிறகு பொருந்தாத சாலைகளை அவை ஒதுக்கும். யாரும் திருத்தக்கூடிய ஓப்பன் ஸ்டிரீட் மேப்பிலும் ஒரு பாலத்துக்கு எடை வரம்பு, உயர வரம்பு என்று பதிய இடம் உண்டு.

ஆனால் பதிந்திருந்தால்தான் ஒதுக்கும். வரம்பு பதியப்படாத பாலத்தை லோரிச் செயலியும் பாதுகாப்பானது என்றே எடுத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் நன்றாக வேலை செய்யும் செயலி, தோட்டப் பாதைக்கு வந்ததும் கார்ச் செயலி மாதிரியே நடந்துகொள்ளலாம். பணம் கட்டி வாங்குவதற்கு முன், தனக்கு ஏற்கனவே தெரிந்த இரண்டு மூன்று பாலங்களை அதில் தேடி, வரம்பு பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

நடைமுறையில் என்ன செய்யலாம்

1. வழியைப் புறப்படுவதற்கு முன் முடிவு செய்யுங்கள். காகிதமோ கணினித் திரையோ, முழு வழியும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். எண்ணுள்ள சாலைகளை ஒரு துண்டுக் காகிதத்தில் வரிசையாக எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள்.

2. செயலியில் சேரும் இடத்தை மட்டும் போட்டால் அது தன் விருப்பப்படி வழி போடும். நடுவில் நிற்கும் இடங்களாக இரண்டு மூன்று சந்திப்புகளைச் சேர்த்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த வழியிலேயே அது வரும்.

3. நெரிசல், விபத்து பற்றிச் செயலி சொல்வதைக் கேளுங்கள். அதில் காகிதம் அதற்கு ஈடாகாது. மழைக்காலத்தில் வடிகால், நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் ஆற்று நீர்மட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

4. வண்டியின் உயரத்தை அன்றைய சரக்கோடு அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் மீட்டரில் எழுதுங்கள். பாலத்துப் பலகையிலும் மீட்டரில்தான் இருக்கும்.

5. எண்ணுள்ள சாலையை விட்டு இறங்கும் முன் நிறுத்தி, தோட்ட ஆபீசுக்குப் போன் போடுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: லோரிக்கு எந்தக் கேட், எத்தனை மணிவரை திறந்திருக்கும், உள்ளே இருக்கும் பாலம் இத்தனை டன்னைத் தாங்குமா. ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி "தாங்கும் அண்ணே, வாங்க" என்று சும்மா சொன்னால் போதாது, எந்த லோரி கடைசியாக அந்த வழியில் வந்தது என்று கேளுங்கள்.

இதில் ஐந்தாவது வேலையை ஓட்டுநர் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. தோட்ட நிர்வாகம் ஒருமுறை உட்கார்ந்தால் முடியும்: லோரி வரவேண்டிய கேட்டின் ஆயத்தொலைவு எண்கள், ஸ்டோரின் ஆயத்தொலைவு எண்கள், உள்பாலங்களின் எடை வரம்பு, கேட் பூட்டும் நேரம், ஆபீஸ் தொலைபேசி. சுவரில் தொங்கும் வரைபடத்தைப் படமெடுத்து, லோரி போகும் பாதையை மட்டும் சிவப்பில் வரைந்து, ஒவ்வொரு டெலிவரி ஆர்டரோடும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். பின்வழிப் பாதைகளின் வாயிலில், லோரி திரும்ப இடமிருக்கும் இடத்திலேயே, 'லோரி நுழையக் கூடாது' என்று மலாயிலும் தமிழிலும் பலகை வைக்க வேண்டும். அடைத்த கேட்டின் மேல் மாட்டும் பலகையை ஓட்டுநர் படிக்கும்போது, அவர் பின்னால் போக வேண்டிய தூரம் ஏற்கனவே ஒரு கிலோமீட்டர் ஆகியிருக்கும்.